நிறுத்தினது போதாது, திருப்பிக் கொடு!



அபராதம் நமக்குப் புதுசு இல்லை. ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடந்தால் அபராதம். டீக்கடை பெஞ்சில் சமமாய் உட்கார்ந்தால் அபராதம். சாவுக்கு மேளம் அடிக்க வரமாட்டோம் என்றால் அபராதம். மரத்தடியில் ஊர்க்கூட்டம் போட்டு, நம்மாளைத் துண்டை இடுப்பில் கட்டி நிற்க வைத்து, அவன் ஒரு மாசக் கூலியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிய கதைகள் ஒவ்வொரு சேரியிலும் உண்டு. அந்தக் காசுக்கு ரசீது கிடையாது. அப்பீலும் கிடையாது. “நான் செஞ்ச குத்தம் என்னா?” என்று கேட்டால், கேட்டதற்கே இன்னொரு அபராதம்.

இன்றைக்கு இன்னொரு அபராதம் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதற்குக் கூட்டம் வேண்டாம், மரத்தடி வேண்டாம். ரசீதுகூட உண்டு. வங்கி பாஸ்புக்கில் ஒரே ஒரு வரி. அதன் பெயர் ‘மினிமம் பேலன்ஸ் சார்ஜ்’. குற்றம் என்ன? கையில் காசு இல்லாமல் இருந்தது. பணம் இல்லாதவனிடம், பணம் இல்லாமல் இருந்ததற்காகப் பணம் வாங்குகிறார்கள். இதைச் சேவைக் கட்டணம் என்று எழுதுகிறார்கள். நாம் அதை அபராதம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த இதழ் தலையங்கத்துக்கு வங்கிக் கணக்கு ஒரு விஷயமா என்று சிலர் கேட்கலாம். கேக்கட்டும். முதலில் காஞ்சிபுரத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

2023 செப்டம்பர் 15. அண்ணா பிறந்த ஊரில், அண்ணா பிறந்த நாளில், கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். தமிழகம் முழுக்க ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். இனாம் அல்ல, உரிமை என்று பெயரிலேயே சொன்னார்கள். சரியான பெயர்தான். வீட்டில் சோறு பொங்கி, தண்ணி சுமந்து, பிள்ளை வளர்த்து, அதன்மேல் கூலிக்கும் போகிற பெண்ணுக்கு இந்தச் சமூகம் கூலி கொடுத்ததே இல்லை.

ஆனால் பணம் ஏறிய அதே வாரத்தில் சத்தம் கிளம்பியது. ஆயிரம் ஏறியதாகச் செல்போனில் மெசேஜ் வருகிறது. போய்ப் பார்த்தால் கணக்கில் ஆயிரம் இல்லை. பழைய மினிமம் பேலன்ஸ் அபராதத்துக்கு என்று வங்கிகள் பிடித்துக்கொண்டன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அந்தச் செப்டம்பரிலேயே அறிக்கை விட வேண்டி வந்தது. உரிமைத் தொகையை வேறு எந்தக் கட்டணத்துக்கும் நேர் செய்யக்கூடாது, அப்படிப் பிடித்தால் 1100 என்ற எண்ணில் புகார் செய்யலாம், கேட்காத வங்கிகளிலிருந்து பயனாளிகளின் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றுவோம் என்று சொன்னார். ஒரு மாநில அரசு தன் சொந்த மக்களுக்குப் போட்ட பணத்தை வங்கியிடமிருந்து காப்பாற்ற அறிக்கை விட்டது என்றால், பிடித்தது நாலு பேரிடம் அல்ல என்று புரிந்துகொள்ளலாம்.

நமக்குத் தெரிந்த ஒரு அக்காவின் பாஸ்புக்கைப் பார்த்தோம். காஞ்சிபுரத்தை ஒட்டிய காலனியில் இருக்கிறார். வீட்டுக்காரர் கூலித் தறி. அக்கா தார் சுத்துவார், வேலை இல்லாத நாளில் நூறு நாள் வேலைக்கு ஏரிக்குப் போவார். பல வருஷத்துக்கு முன் மகளிர் குழு லோனுக்காக டவுனில் உள்ள ஒரு வங்கியில் கணக்கு ஆரம்பித்தார். லோன் அடைந்தது. கணக்கு அப்படியே கிடந்தது. உரிமைத் தொகைக்கு எழுதும்போது கையில் இருந்த ஒரே பாஸ்புக் அதுதான். ஆயிரம் ஏறியது. அதன் கீழே ஐந்து வரி. ஒவ்வொன்றும் 118 ரூபாய். நூறு ரூபாய் அபராதம், அதன்மேல் பதினெட்டு ரூபாய் ஜிஎஸ்டி. மொத்தம் 590. அக்கா கைக்கு வந்தது 410.

கவுன்டரில் கேட்டிருக்கிறார். “அது சிஸ்டம் புடிச்சதும்மா, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது” என்று பதில். அக்கா திரும்பி வந்து நம்மிடம் கேட்டார்: “சிஸ்டத்துக்கு யாரு சார் சொல்லிக் குடுத்தது?”

இதுதான் கேள்வி. பாஸ்புக்கே படிக்கத் தெரியாத ஒரு பெண் கேட்ட கேள்வி. பொருளாதாரம் படித்தவன் கேட்க மறந்த கேள்வி.

சிஸ்டம் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று பார்ப்போம். வங்கி பார்ப்பது மாதச் சராசரி. ஒவ்வொரு நாள் முடிவிலும் எவ்வளவு இருந்தது என்று கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுக்கும். ஆயிரம் ரூபாய் பதினைந்தாம் தேதி ஏறி, பதினாறாம் தேதி எடுத்தால் அந்த மாதச் சராசரி என்ன? ஆயிரத்தை முப்பதால் வகுத்தால் 33 ரூபாய் சொச்சம். அன்றாடம் அரிசி வாங்குகிறவள் கணக்கு அப்படித்தான் இருக்கும். சரி, வயிற்றைக் கட்டிக்கொண்டு முப்பது நாளும் தொடாமல் வைத்திருந்தால்? அப்போதும் சராசரி ஆயிரத்தைத் தாண்டாது. வங்கி கேட்பது இரண்டாயிரம், மூவாயிரம் என்றால் பட்டினி கிடந்தாலும் அபராதம்தான். தப்பிக்கவே முடியாத சட்டத்தைப் போட்டுவிட்டு, தப்பவில்லை என்று தண்டிப்பதற்கு என்ன பெயர்?

ஊருக்கு ஊர் அளவு வேறு. மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தால் நகரம், பத்து லட்சத்துக்கு மேல் மாநகரம், பத்தாயிரத்துக்குக் கீழ் கிராமம் என்று வங்கிகள் பிரித்திருக்கின்றன. 2011 கணக்கெடுப்பில் காஞ்சிபுரம் நகரத்தில் ஒரு லட்சத்து அறுபத்து நாலாயிரம் பேர். ஆகவே இது நகரக் கிளை. 2017 ஏப்ரலில் ஸ்டேட் வங்கி இந்த அபராதத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது கிராமத்துக்கு ஆயிரம், சிற்றூருக்கு இரண்டாயிரம், நகரத்துக்கு மூவாயிரம், மாநகரத்துக்கு ஐயாயிரம் என்று வைத்தது. இதில் நம்ம சனங்களுக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. குடியிருப்பது டவுனுக்கு வெளியே, சேரியில். தெருவிளக்கு கேட்டால், சாலை கேட்டால், குழாய் கேட்டால், ‘நீங்க டவுன் இல்லை’. அபராதம் என்று வரும்போது மட்டும், கணக்கு இருக்கும் கிளையை வைத்து நாம் டவுன்வாசிகள். காலம் காலமாக ஊருக்குள் சேர்க்காதவர்கள் அபராதப் பட்டியலில் மட்டும் முதல் ஆளாய்ச் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்படிச் சில்லறையாகப் பிடித்ததெல்லாம் எவ்வளவு? ஸ்டேட் வங்கி மட்டும் 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டே மாதத்தில் 1,771 கோடி ரூபாய் வசூலித்தது. அதே ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரையான மூன்று மாதத்தில் அந்த வங்கியின் நிகர லாபம் 1,581 கோடி. காலாண்டு லாபத்தைவிட ஏழையிடம் பிடித்த அபராதம் அதிகம். 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு: பொதுத்துறை வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும் சேர்ந்து 2018 முதல் மினிமம் பேலன்ஸ் அபராதமாக வசூலித்தது 21,000 கோடிக்கு மேல். 2024 ஜூலையில் இன்னொரு பதில்: பொதுத்துறை வங்கிகள் மட்டும் 2019-20 முதல் 2023-24 வரை ஐந்தாண்டில் ஏறக்குறைய 8,500 கோடி. அந்த ஐந்தாண்டுக்குள் கொரோனா வந்து போனது. தறி நின்றது, கல்யாணம் நின்றது, பட்டு விற்கவில்லை, சனங்க சோத்துக்குத் தவித்தார்கள். அபராதம் மட்டும் நிற்கவில்லை.

கோயில் ஊர் இது. ஏகாம்பரநாதர், வரதராசர், காமாட்சி என்று தெருவுக்குத் தெரு உண்டியல் பார்த்த ஊர். கோயில் உண்டியலில் நாமாக விரும்பிப் போட்டால்தான் காசு விழும். வங்கி உண்டியல் அப்படியல்ல. அது நம் மடியில் கைவிட்டு எடுத்துக்கொள்ளும். எடுத்தபிறகு மெசேஜ் அனுப்பும். அந்த மெசேஜுக்கும் காசு பிடிக்கும்.

பட்டுத் தறி தெரிந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதாய்த் தோன்றாது. முதலாளியின் நோட்டு என்று ஒன்று உண்டு. வீட்டில் சாவு, பிரசவம், கல்யாணம் என்று முன்பணம் வாங்கிய நெசவாளி, அந்தத் தறியைவிட்டு வேறு தறிக்குப் போக முடியாது. கூலியில் எவ்வளவு பிடித்தான், இன்னும் எவ்வளவு பாக்கி என்று அவனுக்குத் தெரியாது. நோட்டு முதலாளி கையில். கோர்வைப் புடவையில் கரைப் பக்கத்து நாடாவைத் தள்ளிவிட ஒரு சின்னக் கை வேண்டும் என்பதற்காக, முன்பணத்துக்குப் பிள்ளைகளைத் தறியில் உட்கார வைத்த ஊர் இது. 2003இல் ஒரு சர்வதேச மனித உரிமை அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைச் சிறுவர்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்தின் பெயர் இருக்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்தது. அந்தச் சட்டம் என்ன சொன்னது? கொத்தடிமைக் கடனே செல்லாது, பாக்கியைக் கட்ட வேண்டியதில்லை என்றது. அநியாயமான கணக்கை அடைக்க வேண்டாம், அழித்துவிடலாம் என்று நாட்டின் சட்டமே ஒருமுறை சொல்லியிருக்கிறது.

வங்கியின் நோட்டும் முதலாளி நோட்டு மாதிரிதான் வேலை செய்கிறது. 2014 நவம்பர் 20இல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. 2015 ஏப்ரல் 1 முதல் அமல். குறைந்தபட்ச இருப்பு குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில்தான் கட்டணம் போட வேண்டும். இந்த அபராதத்தால் மட்டுமே ஒரு சேமிப்புக் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது. படித்தால் நல்ல விதிகள்தான். நடப்பது என்ன? கணக்கில் காசு இல்லாதபோது பிடிக்காமல், பாக்கி என்று தனியாக எழுதி வைத்துக்கொள்கிறார்கள். காசு ஏறிய நிமிடத்தில் மொத்தமாக எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கு மைனஸ் போகவில்லையாம், ஆகவே விதி மீறலும் இல்லையாம். அக்காவின் ஐந்து வரிகள் இப்படி வந்தவைதான். கணக்கு மைனஸுக்குப் போகவில்லை. அக்காவின் அடுப்பு போனது.

ஆனால் இதெல்லாம் இப்போது மாறிவிட்டதே என்று சிலர் சொல்வார்கள். உண்மை. மறைக்க வேண்டியதில்லை. ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் எல்லாச் சேமிப்புக் கணக்குகளுக்கும் இந்த அபராதத்தை நீக்கியது. 2025இல் கனரா வங்கி ஜூன் 1 முதல் நீக்கியது. பஞ்சாப் நேஷனல் வங்கி, பரோடா வங்கி, இந்தியன் வங்கி ஆகியவை ஜூலையில் நீக்கின. கேள்வி கேட்டதால் வந்த மாற்றம் இது. நாடாளுமன்றத்தில் கேட்டார்கள், பத்திரிகையில் எழுதினார்கள், கவுன்டரில் நம்ம சனங்க சண்டை போட்டார்கள். இது நமக்குக் கிடைத்த வெற்றிதான்.

தனியார் வங்கிகளில் கதை வேறு. 2025 ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி மாநகரங்களில் புதுக் கணக்குக்குக் குறைந்தபட்சச் சராசரி 50,000 ரூபாய் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் 15,000 என்று இறங்கியது. குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்பதை அந்தந்த வங்கியின் முடிவுக்கே விட்டிருக்கிறோம் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் அதே மாதத்தில் சொன்னார். வாசலில் நின்று யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்கிறவனுக்கு அதிகாரம் அப்படியே இருக்கிறது. வாசல்கள் நமக்குத் தெரியாதவை அல்ல.

நம் கேள்வி இதுதான். நிறுத்தினீர்கள், சரி. நிறுத்தினதற்கு என்ன அர்த்தம்? இத்தனை வருஷம் பிடித்தது நியாயமில்லை என்று நீங்களே ஒத்துக்கொண்டதாகத்தானே அர்த்தம்? அப்படியானால் பிடித்த காசு எங்கே? திருடனைப் பிடித்தால், இனிமேல் திருடமாட்டேன் என்று சொன்னால் போதுமா? பையில் இருப்பதைக் கீழே வைக்கச் சொல்லமாட்டோமா?

முடியாது, நடைமுறைச் சிக்கல், இத்தனை கோடி கணக்கில் எப்படித் தேடுவது என்பார்கள். பிடிக்கும்போது ஒரு ரூபாய் தவறாமல் கணக்குத் தேடித் தேடிப் பிடித்த அதே கம்ப்யூட்டர்தானே, திருப்பிப் போட மாட்டேன் என்கிறது? அதோடு இது நடக்காத காரியமும் அல்ல. ஏற்கனவே நடந்திருக்கிறது.

ஜன்தன் கணக்குகள் தெரியும் அல்லவா? 2014 ஆகஸ்ட் 28இல் தொடங்கிய திட்டம். பூஜ்ய இருப்புக் கணக்கு. அந்தக் கணக்கு வைத்திருந்த ஏழைகளிடம், மாதம் நாலு முறைக்கு மேல் யுபிஐயிலோ ரூபே அட்டையிலோ பணம் கொடுத்தால் ஒவ்வொரு முறைக்கும் 17 ரூபாய் 70 காசு என்று ஸ்டேட் வங்கி பிடித்தது. டீ வாங்கி இருபது ரூபாய் கொடுத்தால் அதற்கு 17 ரூபாய் 70 காசு கட்டணம்! பம்பாய் ஐஐடி பேராசிரியர் ஆஷிஷ் தாஸ் இதைத் தோண்டி எடுத்து அறிக்கை எழுதினார். 2020 ஆகஸ்ட் 30இல் மத்திய நேரடி வரிகள் வாரியம், அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் இப்படிப் பிடித்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்று வங்கிகளுக்குச் சொன்னது. ஸ்டேட் வங்கி சுமார் 90 கோடி ரூபாயைத் திருப்பிப் போட்டது. அதற்கு முன் 2017 ஏப்ரலிலிருந்து பிடித்ததில் 164 கோடி இன்னும் திருப்பவில்லை என்று 2021இல் அதே பேராசிரியரின் அறிக்கை சொன்னது.

இதிலிருந்து தெரிவது இரண்டு. ஏழையிடம் பிடித்த காசைத் திருப்பிக் கொடுக்க முடியும், அரசு ஒரு உத்தரவு போட்டால் போதும். உத்தரவு எந்தத் தேதியிலிருந்து என்று சொல்கிறதோ அதற்கு மேல் ஒரு பைசா தானாக வராது. ஆகவே தேதியைத் தீர்மானிக்கிற சண்டைதான் நம் சண்டை.

வெள்ளைக்காரன் தேசத்திலும் இந்தச் சண்டை நடந்தது. இங்கிலாந்தில் கணக்கில் இருப்பதைவிட அதிகமாகப் பணம் போய்விட்டால் வங்கிகள் பெரிய அபராதம் போட்டன. 2006, 2007 ஆண்டுகளில் சாதாரண சனங்கள் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதி, சிறு வழக்குகள் போட்டு, காசைத் திரும்ப வாங்கினார்கள். வழக்கு பெரிதாகி உச்ச நீதிமன்றம் போனது. 2009 நவம்பர் 25இல் தீர்ப்பு வங்கிகள் பக்கம் வந்தது. ஆனால் அந்த வழக்கு நடந்த காலத்திலும், கடும் நெருக்கடியில் இருப்பவர்களின் புகாரை மட்டும் கிடப்பில் போடக்கூடாது என்று அங்கே கண்காணிப்பு அமைப்பு வங்கிகளிடம் சொல்லியிருந்தது. வறுமையே ஒரு காரணம் என்று ஒத்துக்கொண்டார்கள். இங்கே வறுமையே குற்றம் என்கிறார்கள். கோர்ட்டில் தோற்கலாம் என்பதும் அந்தக் கதையில் ஒரு பாடம். கோர்ட்டை மட்டும் நம்பி உட்கார்ந்தால் ஆகாது.

வங்கிக்கும் செலவு இருக்கிறதே, கணக்கை நடத்தக் காசு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். 1969 ஜூலை 19இல் 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியது இந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்பதற்காகத்தான். பெரிய முதலாளிகளிடம் கிடந்த வங்கியை எளிய சனங்களிடம் கொண்டுவர என்று சொன்னார்கள். இன்று என்ன நிலை? 2014-15 முதல் 2022-23 வரை ஒன்பது ஆண்டில் வங்கிகள் 14 லட்சத்து 56 ஆயிரம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்குப் புத்தகத்திலிருந்து நீக்கின. அதில் பாதிக்கு மேல் பெரிய தொழில், சேவை நிறுவனங்களின் கடன். இது தள்ளுபடி அல்ல, வசூல் முயற்சி தொடரும் என்பார்கள். தொடரட்டும். அவனிடம் வசூல் முயற்சி வருஷக்கணக்கில் தொடர்கிறது. அக்காவிடம் வசூல் ஒரே நொடியில் முடிந்துவிட்டது. வித்தியாசம் இதுதான்.

நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தச் சூறை நடந்தபோது நம் இயக்கங்கள் எங்கே இருந்தன? நூறு ரூபாய், இருநூறு ரூபாய் என்று சின்னதாகத் தெரிந்ததால் விட்டுவிட்டோம். வன்கொடுமைக்கு ஓடுகிறோம், ஓட வேண்டும். ஆனால் ரத்தம் வராமல் நடக்கிற கொடுமையை எண்ணிப் பார்க்கவும் தெரிய வேண்டும். ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923இலேயே புத்தகம் எழுதியவர் பாபாசாகேப் அம்பேத்கர். இந்தியாவின் நாணயம் பற்றி விசாரித்த அரச ஆணையத்தின் முன் போய் சாட்சியம் சொன்னவர். அவர் படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு, பணம், வங்கி, வட்டி எல்லாம் வேறு யாரோ பேச வேண்டிய விஷயம் என்று நாம் ஒதுங்கினால் அது அவருக்குச் செய்கிற மரியாதை இல்லை.

சரி, என்ன செய்வது? தெருவுக்கு ஒரு படித்த பிள்ளை போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்புக்குகளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். என்ட்ரி போடாத பாஸ்புக்காக இருந்தால் முதலில் போய்ப் போட்டு வாருங்கள். ஒவ்வொரு பாஸ்புக்கிலும் பிடித்த வரிகளைத் தேதியோடு எழுதுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்.

இது ஜன்தன் கணக்கா, அல்லது அடிப்படைச் சேமிப்புக் கணக்கா? ஆனால் அதில் குறைந்தபட்ச இருப்பு என்பதே கிடையாது. ஒரு பைசா பிடித்திருந்தாலும் தவறு.

ரெண்டு வருஷத்துக்கு மேல் போட்டு எடுக்காமல் கிடந்த கணக்கா? செயல்படாத கணக்கு என்று ஆகிவிட்டதில் இந்த அபராதம் போடக்கூடாது என்று 2014 மே மாதமே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 2024 ஏப்ரல் 1 முதல் அமலான புதிய உத்தரவிலும் அதையே சொன்னது. அதோடு, உதவித்தொகைக்கும் அரசு மானியத்துக்கும் என்று தொடங்கிய பூஜ்ய இருப்புக் கணக்குகளைச் செயல்படாதவை என்று முடக்கவும் கூடாது என்றது. விடுதியில் தங்கிப் படிக்கிற நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

சாதாரணக் கணக்குதானா? அப்படியானால், பிடிப்பதற்கு முன் ஒரு மாத அவகாசம் கொடுத்துத் தகவல் வந்ததா? குறைந்த அளவுக்குத் தக்கபடி பிடித்தார்களா, அல்லது கண்ணை மூடிக்கொண்டு ஒரே தொகை போட்டார்களா?

இவற்றை வைத்துக் கிளை மேலாளருக்கு ஒரு கடிதம். தமிழிலேயே எழுதுங்கள். “இந்தத் தேதிகளில் இவ்வளவு பிடித்திருக்கிறீர்கள். முன் தகவல் கொடுத்ததற்கு ஆதாரம் காட்டுங்கள். இந்தக் கணக்கில் வருவது அரசு உதவித் தொகையும் கூலியும்தான். பிடித்த தொகையை வரியோடு சேர்த்துத் திரும்ப வரவு வையுங்கள். இன்று முதல் இதை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தாருங்கள்.” இவ்வளவுதான். அடிப்படைக் கணக்கில் மாதம் நாலு முறை பணம் எடுக்கலாம், ஏடிஎம் அட்டைக்குக் காசில்லை. அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. இது ரிசர்வ் வங்கி 2012 ஆகஸ்டில் கொடுத்த உரிமை. மேலாளர் மனசு வைத்தால் கிடைக்கிற சலுகை இல்லை.

கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். வாய்வார்த்தையில் சொன்னது காற்றோடு போகும். முப்பது நாள் பாருங்கள். பதில் வரவில்லை, அல்லது முடியாது என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போங்கள். தாமதிக்காதீர்கள், அதற்குக் காலக்கெடு உண்டு. வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது. இந்திய ரிசர்வ் வங்கி, நான்காவது தளம், செக்டார் 17, சண்டிகர் 160017 என்ற முகவரிக்குத் தபாலில் எழுதலாம். விவரம் கேட்க 14448. எல்லாருக்கும் கிடைத்துவிடும் என்று நாம் பொய் வாக்குக் கொடுக்கவில்லை. விதியை மீறிப் பிடித்த இடத்தில் கேட்டால் கிடைக்க வழி இருக்கிறது. விதிப்படியே பிடித்த இடத்தில் விதியைத்தான் மாற்ற வேண்டும்.

அதற்குத் தனிக் கடிதம் போதாது. ஒரு காலனியிலிருந்து நூறு கடிதம் ஒரே நாளில் ஒரே கிளைக்குப் போகட்டும். ஒருத்தி போய் நின்றால் ‘சிஸ்டம்’ என்பான். நூறு பேர் நின்றால் மேலதிகாரிக்குப் போன் போடுவான். அரசுக்கு நம் கோரிக்கை: உரிமைத் தொகை, முதியோர் பென்ஷன், நூறு நாள் கூலி, மாணவர் உதவித்தொகை ஏறுகிற கணக்குகளில் 2015 ஏப்ரல் 1 முதல் பிடித்த எல்லா மினிமம் பேலன்ஸ் அபராதத்தையும் வங்கிகள் தாமாகவே கணக்குப் பார்த்துத் திருப்பிப் போட வேண்டும். யாரும் மனுக் கொடுக்கக் காத்திருக்கக்கூடாது. பிடிக்கும்போது மனுக் கேட்டா பிடித்தார்கள்?

திருப்பிக் கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. செங்கல்பட்டு மாவட்டத்துப் பறையர்களின் நிலைமையை ஆட்சியர் டிரெமென்ஹீர் எழுதி அனுப்பியதன் பேரில்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்த நிலத்தையும் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் தன் பெயரில் எழுதிக்கொண்டான். நம் பாட்டன் கைநாட்டு வைத்தான். நூறு வருஷம் கழித்து, 1994 அக்டோபர் 10இல், காரணைப் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். எங்கள் நிலம், திருப்பிக் கொடு என்பது மட்டும்தான் அவர்கள் கேட்டது. 590 ரூபாயை அந்த உயிர்களோடு நாம் ஒப்பிடவில்லை. ஆனால் நிலத்தை எடுத்ததும் ஒரு பதிவேட்டின் வரி. காசை எடுத்ததும் ஒரு பதிவேட்டின் வரி. வரியைப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நம்மை நம்பித்தான் இரண்டையும் எழுதினார்கள்.

அந்த அக்கா இன்னும் வாரத்தில் நாலு நாள் தார் சுத்துகிறார். போன வாரம் எட்டாவது படிக்கும் மகளை உட்கார வைத்துப் பாஸ்புக்கை முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொன்னாராம். ஐந்து வரிக்கும் அந்தப் பெண் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். கடிதமும் அவள்தான் எழுதுகிறாள்.

நம் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாஸ்புக் இருக்கிறது. ஒரு சிவப்புப் பேனா வாங்குங்கள்.

– ஆசிரியர் குழு